இரண்டாவது செவ்வாய்க்கிழமை

அப்பா உலகம் சுற்றியவர். வேலணையில் எங்கள் ஒழுங்கைக்குள் வந்து யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். இருபத்தாறு வருடம் கப்பலில் வேலை. இயந்திர அறையில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே நின்று, சுழலுகிற இரும்புகளுக்கு எண்ணெய் விடுகிற வேலை. ஆகவே அவர் உலகத்தைச் சுற்றினார் என்பது சத்தியம். பார்த்தாரா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியை அம்மாவைத் தவிர வேறு யாரும் அவரிடம் கேட்டதில்லை.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வந்த முதல் வாரம் வீட்டில் ஒன்றும் சரியாக இராது. யப்பானில் தேத்தண்ணீர் இப்படிப் போடுவதில்லை. ஜெர்மனியில் கதவு இப்படிக் கிறீச்சிடாது. எங்கள் மாட்டைக்கூட விட்டுவைக்கமாட்டார்.

"ஒல்லாந்தில ஒரு மாடு இதைப்போலப் பத்து மாட்டுக்குச் சரி."

"அப்ப அங்கையே நிண்டு கறந்து குடிச்சிருக்கலாமே. ஆர் வரச் சொன்னது?" என்று குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வரும்.

ஒருமுறை நயினாதீவு அம்மன் கோயிலுக்கென்று குறிகட்டுவானில் லோஞ்ச் ஏறினோம். பசிபிக் சமுத்திரத்தை எத்தனையோ தரம் கடந்த மனிதர், கரை கண்ணுக்கு மறைய முதலே விளிம்பைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தார். பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர் எலுமிச்சங்காய் கொடுத்தார். அப்பாவுக்கு மானம் போய்விட்டது. "இது பெரிய கப்பலுக்குப் பழகின வயிறு. இந்தச் சிரட்டைக்குள்ள இருக்க அதுக்கு ஏலாது" என்றார். "உங்கட வயித்துக்குக்கூட ஊர் ஒத்துவராது" என்றாள் அம்மா. லோஞ்சே சிரித்தது.

அம்மாவின் வாய் ஊரில் பேர்போனது. ஆனால் அப்பாவைத் திட்டுவதற்கென்று ஒரு தனிக் குரல் வைத்திருந்தாள். அடிவயிற்றிலிருந்து தொடங்கி, அவருடைய கப்பலை, கப்பலுக்குச் சொந்தக்காரனை, அந்தக் கப்பலைக் கட்டியவனையெல்லாம் சுற்றி வந்து கடைசியில் அவருடைய தலையில் இறங்கும். திட்டு விழ விழ அப்பா சிரிப்பார். அவர் சிரிக்கச் சிரிக்க அம்மாவுக்கு ஏறும். அவர்களுடைய குடும்ப வாழ்க்கை முழுவதும் ஏறக்குறைய இவ்வளவுதான். மிச்ச நாளெல்லாம் கடிதம்.

எனக்கு அவர் ஒரு குடை கொண்டுவந்து தந்தார். மூன்றாக மடிந்து கைப்பைக்குள் போய்விடுகிற குடை, நாவல் நிறம், அதில் வெள்ளைப் பூக்கள். அப்போது எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு குடை யாரிடமும் இல்லை. ஒழுங்கையில் உள்ள எல்லாரும் ஒரு தரமாவது அதை வாங்கி விரித்து மடித்துப் பார்த்தார்கள். பெரியப்பா மடிக்கத் தெரியாமல் விரலை நசித்துக்கொண்டார்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு சித்திரையில் வந்து ஆனியில் போனார். அவர் போய் ஒரு மாதத்தில் நாட்டில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு தீவுப்பகுதியில் வெளியே போனவர் வீட்டுக்கு வந்தால்தான் நிச்சயம். கடலில் நேவி, வானத்தில் ஹெலி. அப்பா அங்கிருந்து கடிதத்தில் புத்திமதி அனுப்புவார்: ஹெலி வந்தால் வெளியே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டாம், ஊர்காவற்றுறைப் பக்கம் அநாவசியமாகப் போக வேண்டாம். சாவு வருவதென்றால் எங்களுக்குத்தான் வரும் என்று மூன்று வருடமாக எல்லாரும் ஆயத்தமாக இருந்தோம். அப்பாவைப் பற்றி ஒருவருக்கும் பயமில்லை.

எண்பத்தாறு பங்குனியில் வருவதாக எழுதியிருந்தார். அம்மா மாசி பிறந்ததும் வீட்டுக்கு வெள்ளை அடிப்பித்தாள். அவருக்குப் பிடித்த, பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலைத் தகரத்தில் போட்டு அடைத்து, எங்களைத் தொட விடாமல் அலுமாரிக்கு மேல் வைத்தாள். அந்த மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை தபால்காரர் வந்தார். எங்கள் ஒழுங்கைக்கு அவர் வரும்போது மணி பதினொன்று தாண்டிவிடும். அன்றும் தாண்டித்தான் இருந்தது. நான்தான் உரத்து வாசித்தேன். சுகம் விசாரித்து, மாட்டைக் கூட விசாரித்து, கடைசி வரியில் அப்பா எழுதியிருந்தார்: இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டேன், இப்போது வரமாட்டேன்.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பாதித் தேங்காயை அப்படியே முற்றத்தில் எறிந்தாள். "அப்ப அந்தக் கடலோடையே போய்ச் சேரட்டும்! இனி இந்தப் படலையைத் திறக்க வேண்டாமெண்டு எழுது! எழுதடி!" என்றாள். நான் எழுதவில்லை. அம்மாவும் பிறகு கேட்கவில்லை. எறிந்த தேங்காயைப் பொறுக்கிக் கழுவித் துருவினாள்.

சனிக்கிழமை தந்தி வந்தது. கப்பல் யப்பானிலிருந்து அமெரிக்கா போகிற வழியில், செவ்வாய்க்கிழமை, கப்பல் நேரம் பின்னேரம் நாலு மணிக்கு மாரடைப்பு. உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்களாம்.

ஊர் திரண்டு அழுதது. அம்மா அழவில்லை. என் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"அங்கத்தைய நாலு மணி எண்டால் இஞ்ச எத்தினை மணியடி?"

நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை. தேசப்படப் புத்தகத்தை எடுத்து, வழியைக் குத்துமதிப்பாகக் கணித்து, கணக்குப் போட்டேன். "செவ்வாய்க்கிழமை காலமை ஒன்பதரை, அம்மா."

"கடிதம் வந்தது பதினொண்டுக்குப் பிறகு."

"ஓம்."

"அப்ப நான் வாய் வைக்கேக்க ஆள் முதலே போயிட்டார்."

"ஓம், அம்மா."

அதற்குப் பிறகுதான் அவள் வெளியே வந்து, விறாந்தையில் விழுந்து, ஊருக்குக் கேட்கக் குழறினாள். அவளுடைய சொல் அவரைக் கொல்லவில்லை. அது ஒன்றரை மணித்தியாலம் பிந்திப்போன சொல். அந்த ஒன்றரை மணித்தியாலத்தைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா எழும்பி நடமாடினாள். அது எனக்கு மட்டும் தெரியும்.

உடல் இல்லாத செத்தவீடு. ஐயர் தர்ப்பையால் ஓர் உருவம் செய்து தந்தார். அப்பா வீட்டில் நின்ற நாட்களில் இருந்ததைவிட அது அடக்கமாகக் கிடந்தது. ஒல்லாந்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அதைத்தான் கொண்டுபோய் எரித்தார்கள். ஊரில் எல்லாரும் முதலில் எரிந்து, சாம்பலாகி, பிறகு கீரிமலைக்குப் போய்க் கடலில் சேருவார்கள். அப்பா நடுவில் உள்ள அலைச்சலை விட்டுவிட்டு நேரே போய்விட்டார் என்று பெரியப்பா சொன்னார். அதை அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு அடிக்கவேண்டும். கல்வெட்டு என்றால் கல்லில் இல்லை, கடதாசியில். செத்தவருடைய படம், வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், எல்லாம் பாட்டாக. அதில் முக்கியமானது திதி வெண்பா. இன்ன மாதத்து இன்ன திதியில் இவர் சிவபதம் அடைந்தார் என்று நாலு வரி. அந்தத் திதியில்தான் வருடா வருடம் படைக்கவேண்டும். அந்த ஒருநாள் செத்தவர் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போவார். திதி பிழைத்தால் சமைத்த சோறு காய, வந்தவர் பட்டினியாய்ப் போவார்.

பாட்டுக் கட்டுகிற புலவர் ஐயா வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தார். இளைப்பாறிய வாத்தியார். செத்தவர் எவராயிருந்தாலும் அவருடைய பாட்டில் தோளுயர்ந்து, கை சிவந்து, வள்ளலாகிவிடுவார். "எத்தினை தேசம் போனவர்?" என்று கேட்டார். பெரியப்பா விரல் மடித்தார். யப்பான், ஒல்லாந்து, பிரேசில், அவுஸ்திரேலியா, சுவிற்சர்லாந்து.

"சுவிற்சர்லாந்துக்குக் கடல் இல்லைப் பெரியப்பா" என்றேன்.

"கப்பல்காரன் போகாத இடம் ஒண்டு இருக்கோ? நீ சும்மா இரு பிள்ளை."

சுவிற்சர்லாந்து ஏறிவிட்டது. புலவருக்கு எதுகைக்கு உதவியதாம். பிறகு திதி பார்த்தார்கள். எங்கள் ஊரில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் கீரியும் பாம்பும். அன்று மட்டும் அதிசயமாக இரண்டும் ஒத்துப்போயின. செவ்வாய்க்கிழமை தசமி, புதன்கிழமை ஏகாதசி. ஆகவே தசமி. எல்லாம் முடிந்து புலவர் வெற்றிலை மடிக்கிற நேரத்தில் தபால்காரர் வந்தார். கப்பல் கப்டன் எழுதிய அனுதாபக் கடிதம், நல்ல ஆங்கிலத்தில்.

அன்று நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் இருபது வயதில் ஆங்கிலம் தெரிந்தவளுக்கு வாய் சும்மா இருக்குமா? சபை நடுவில் நின்று வரிக்கு வரி தமிழ் சொன்னேன். உங்கள் கணவர் உத்தமமான தொழிலாளி. அவரை நாங்கள் இழந்த நேரம் கப்பல் சர்வதேசத் திகதிக் கோட்டைக் கடந்துகொண்டிருந்தது. அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை எங்களுக்கு இரண்டு முறை வந்தது.

"என்ன, ரெண்டு தரம் வந்ததோ?" என்றார் புலவர்.

நான் விளக்கவும் விளக்கினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். கிழக்கே போகிற கப்பல் அந்தக் கோட்டைத் தாண்டினால் அதே நாளைத் திரும்பவும் தொடங்கவேண்டும் என்றும், முதல் செவ்வாய் என்றால் எங்களுக்குச் செவ்வாய், இரண்டாவது செவ்வாய் என்றால் எங்களுக்குப் புதன் என்றும், பள்ளிக்கூடத்தில் ஒப்புவிப்பதைப்போல ஒப்புவித்தேன். சொல்லி முடித்த பிறகுதான் அம்மாவைப் பார்த்தேன். அவள் சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

பெரியப்பா துள்ளி எழும்பினார். "புதன் எண்டால் ஏகாதசி! ஏகாதசி மரணம் ஆருக்குக் கிடைக்கும்? புண்ணியவான்! போடுங்கோ புலவர் ஏகாதசி எண்டு!"

"தசமி" என்றாள் அம்மா.

"விசர்க்கதை கதையாதையும். ஏகாதசி எண்டால் குடும்பத்துக்கே பெருமை."

"உங்கட பெருமையைக் கொண்டுபோய்க் கிணத்தில போடுங்கோ. அவர் தசமியிலதான் செத்தவர். தசமி."

அவருடைய சாவில் அவளுக்கு என்ன இவ்வளவு பிடிவாதம் என்று சபைக்கு விளங்கவில்லை. ஏகாதசி என்றால் அவள் திட்டி ஒருநாள் கழித்து அவர் செத்திருக்கிறார். கடலோடு போகச் சொன்னாள், போய்விட்டார். அந்தக் கணக்கு எனக்கும் அவளுக்கும் இடையில்தான்.

புலவர் இரண்டு வெண்பாவும் கட்டித் தந்துவிட்டுப் போனார். எது சரியோ அதை அடிக்கச் சொன்னார். நான் கப்பல் கொம்பனிக்கு எழுதினேன்: எந்தச் செவ்வாய்? பதில் வந்தது: "செவ்வாய்க்கிழமைதான் என்பதை உறுதிப்படுத்துகிறோம்." திரும்ப எழுதினேன்: முதலாவதா, இரண்டாவதா? "தங்கள் கடிதம் கவனத்தில் எடுக்கப்பட்டது. அது செவ்வாய்க்கிழமை." மூன்றாவது கடிதத்துக்குப் பதிலே இல்லை. இந்தக் கடிதங்கள் போய்வர எங்கே நேரம்? முதல் பதில் வர முதலே அந்தியேட்டி வந்துவிட்டது. திதி வெண்பாவுக்கு விட்ட இடத்தில் அச்சகக்காரர் ஒரு பூச்சாடிப் படத்தைப் போட்டுவிட்டார். அப்பாவின் கல்வெட்டில் சுவிற்சர்லாந்து இருக்கிறது, செத்தநாள் இல்லை.

அதற்குப் பிறகு அம்மா அப்பாவைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். "அவர் நல்ல மனிசன்" என்று மட்டும் சொல்வாள். ஒல்லாந்து மாட்டைப் பற்றிக்கூட மரியாதையாகப் பேசினாள். அந்தக் குரல் வீட்டில் இல்லாமல் போனபிறகுதான் அப்பா உண்மையில் செத்துப்போனதைப்போல எனக்கு இருந்தது.

அந்த வருடம் மார்கழியில் அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அப்பாவோடு அதே கப்பலில் வேலை செய்த அனலைதீவுப் பொடியன் லீவில் வந்திருக்கிறானாம்; வெள்ளிக்கிழமை வந்து கண்டு, அண்ணையின் சாமான்களைத் தந்துவிட்டுப் போகிறானாம். அம்மா அந்தக் கடிதத்தை நாலுதரம் வாசிப்பித்துக் கேட்டாள். அந்த வாரம் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை ஊர்காவற்றுறையில் தட்டெழுத்து வகுப்பு என்று பொய் சொல்லிவிட்டு, நான் விடிய பஸ் ஏறிப்போய் இறங்குதுறையில் நின்றேன். நல்ல மழை. அனலைதீவு வள்ளத்திலிருந்து ஒரு பொடியன் தோளில் பையோடு நனைந்துகொண்டு இறங்கினான். வெளிநாட்டுச் சப்பாத்து ஆளைக் காட்டிக்கொடுத்தது.

"எந்தச் செவ்வாய்?" என்று கேட்டேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ரெண்டாவது, தங்கச்சி" என்றான். "முதல் நாள் அண்ணை நல்லா இருந்தவர். ரெண்டாம் நாள் மத்தியானச் சாப்பாட்டில கூடப் பகிடி விட்டவர். 'என்ர கடிதம் இப்ப வீட்டை போயிருக்கும், மனிசி என்னைக் கப்பலோட சேர்த்துத் திட்டித் தாட்டுக்கொண்டு நிப்பா' எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர். ரெண்டு மணித்தியாலத்தில…"

நான் அவனுடைய கையைப் பிடித்துக் கெஞ்சினேன். முதல் செவ்வாய் என்று சொல்லுங்கள் அண்ணை. அந்தக் கடிதக் கதையை வாயே திறக்கவேண்டாம். கேட்டால், அவர் கடிதத்தைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை என்று சொல்லுங்கள். அவன் மருண்டுபோய்த் தலையாட்டினான். மழையில் நடுங்கிக்கொண்டு நின்றான். என் குடையை அவனிடம் கொடுத்து பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன். இருவரும் ஒன்றாகப் போய் இறங்கினால் பிடிபட்டுவிடுவோம் அல்லவா? அவ்வளவு கெட்டிக்காரி நான். அடுத்த பஸ்ஸில் தெப்பமாக நனைந்து வீடு வந்தேன்.

பொடியன் கோப்பி குடித்துக்கொண்டிருந்தான். அம்மாவின் முகம் தெளிந்திருந்தது.

"கேட்டியே, முதல் செவ்வாயாம். தசமிதானாம்" என்றாள். துவாயை எடுத்துவந்து என் தலையைத் துவட்டிவிட்டாள். ஒரு கேள்வி கேட்கவில்லை.

அடுத்த மாசியிலிருந்து தசமியில் திவசம் நடந்தது. பெரியப்பாவுக்கு முகம் கறுத்தது. ஆனால் சாட்சி சொன்னவன் கப்பல்காரன். அம்மா பத்துக் கறியோடு படைத்தாள். புழுக்கொடியலும் வைத்தாள். மறுநாள் பச்சைத்தண்ணீரும் குடிக்காமல் கிடந்தாள். கேட்டதற்கு ஏகாதசி விரதம் என்றாள். புருஷனை இழந்தவர்கள் விரதம் பிடிப்பது புதினமா? வருடத்தில் வருகிற மற்ற ஏகாதசிகளில் அவள் வயிறாரச் சாப்பிட்டாள் என்பது என் கண்ணில் பட்டும் புத்தியில் படவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் ஆமி வந்து இறங்க, தீவை விட்டு வெளிக்கிட்டோம். பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. நாலு குடும்பத்துக்கு ஓர் அறை. அலுமாரி, தகரம், கல்வெட்டு எல்லாம் வேலணையில். குடை மட்டும் கைப்பையோடு வந்திருந்தது. மாசி வந்தது. தசமிக்குப் படைக்க ஒரு சுண்டு அரிசியும் ஒரு கத்தரிக்காயும்தான் கிடைத்தன. அப்பா உலகம் சுற்றியவர். எங்கள் புது விலாசத்தை எப்படியும் கண்டுபிடித்திருப்பார். மறுநாள் அம்மா வழமைபோல விரதம். அங்கே விரதம் பிடிக்காதவர்கள் யாரும் இருக்கவில்லை. ஆனாலும் அவள் இரண்டு கிழமையாகக் காய்ச்சலில் கிடந்து எழும்பியவள். எங்கேயோ ஒரு துண்டுப் பனங்கட்டி வாங்கி, பால் விடாத தேத்தண்ணீர், பிளேன்ரீ, வைத்துக்கொண்டுபோய் நீட்டினேன்.

"நாளைக்குத் தா. இண்டைக்கு ஏகாதசி."

"உங்களுக்கென்ன விசரோ? ஆருக்காகப் பட்டினி கிடக்கிறியள்?"

"கொப்பருக்காக" என்றாள். "நான் சொல்லித்தானே மனிசன் போனது."

"அவர் தசமியிலதானே…"

"அந்தப் பொடியன் வரேக்க உன்ர குடையைப் பிடிச்சுக்கொண்டு வந்தவன்."

ஐந்து வருடம். ஊரில் எல்லாரும் விரித்து மடித்துப் பார்த்த குடை.

"ஏன் சொல்லேல்லை அம்மா?"

"நீ எனக்காகத்தானே பொய் சொன்னனீ. அதைக் கெடுப்பானேன்?"

நான் நிலத்தில் இருந்து அழுதேன். அழுதுகொண்டே, அந்தப் பொடியனை நான் சொல்லவிடாமல் தடுத்ததையெல்லாம் சொன்னேன். கடிதம் போயிருக்கும் என்று அப்பாவுக்குத் தெரியும், நீங்கள் திட்டுவீர்கள் என்றும் தெரியும், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் மனிசன் சாப்பிட்டவர்.

அம்மா எழும்பி இருந்தாள்.

"சிரிச்சவரோ?"

"சிரிச்சவராம்."

"நான் திட்டுறன் எண்டு சொல்லியோ?"

"ஓம். கப்பலோட சேர்த்துத் தாட்டுக்கொண்டு நிப்பியள் எண்டு."

அம்மாவின் அடிவயிற்றிலிருந்து அந்தக் குரல் எழும்பி வந்தது. "சிரிப்பார்! ஏன் சிரிக்கமாட்டார்? வெள்ளை அடிச்சு, புழுக்கொடியல் போட்டு, படலையைப் பாத்துக்கொண்டு நான் இஞ்ச கிடக்க, மனிசன் நடுச்சமுத்திரத்தில சோத்துக் கோப்பையோட இருந்து சிரிச்சிருக்கு! அந்தக் கப்பல் நாசமாய்ப் போக! அதைக் கட்டினவன்ர கை விளங்காமல் போக!"

மற்ற மூன்று குடும்பமும் எழும்பி எட்டிப் பார்த்தன. அம்மா ஒருவரையும் கவனிக்கவில்லை. "அஞ்சு வருஷமடி! அஞ்சு வருஷம் இந்த மனிசனுக்காகப் பட்டினி கிடந்திருக்கிறன்!" என்று சொல்லி, என் கையிலிருந்த பிளேன்ரீயைப் பறித்து ஒரே மூச்சில் குடித்தாள்.